அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளும் பிரெஞ்சு பேஸ்ட்ரி கடையும்: எப்போது போவது, எதை வாங்குவது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் இருக்கும் ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு அறுபது நிறைகிறது. கோயில் அர்ச்சனை, வீட்டு விருந்து எல்லாம் தனியாக நடக்கும். அதற்கு மறுநாள் அம்மாவையும் பெரியம்மாவையும் கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பக்கம் இருக்கும் ஓர் உயர்தர பிரெஞ்சு பேஸ்ட்ரி கடைக்குக் கூட்டிப் போக ஆசை. அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டார். பெரியம்மா சைவம், ஆனால் கேக்கில் முட்டை இருந்தால் பரவாயில்லை என்பவர். கையளவு கேக்குக்கு இருபத்தைந்து வெள்ளி கொடுப்பது நியாயமா, எதை வாங்குவது, ஹலால் என்று போட்டிருந்தால் போதுமா, அங்கே போய் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அவருடைய கேள்விகள்.

நான் ஹோட்டல் பேஸ்ட்ரி சமையலறையில் வேலை பார்த்து வந்தவன். இன்றும் மாவும் வெண்ணெயும்தான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கடையில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை, அன்று சாயங்காலமே சுவை இறங்கிவிடும் பண்டங்கள். காலையில் சுட்ட குரோசான் (வெண்ணெயை அடுக்கடுக்காக மடித்துச் சுடும் ரொட்டி), அன்றைக்கே கிரீம் நிரப்பிய எக்லேர் (நீளமான, உள்ளே கூடான பண்டம்), தட்டில் வைப்பதற்குச் சற்று முன்பு அடுக்கிய மில்ஃபே (மொறுமொறுப்பான தட்டுகளுக்கு நடுவே கிரீம் வைத்தது). இவற்றை வேறு இடத்தில் நல்ல தரத்தில் பார்ப்பது கஷ்டம். யாராவது விடியற்காலையில் எழுந்து செய்ய வேண்டும், யாராவது அதே நாளில் வாங்கிச் சாப்பிட வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னுகிற உருண்டை கேக்குகள் இருக்கின்றனவே, அவை இரண்டு மூன்று நாள்கூட அப்படியே நிற்கும். அவற்றுக்காகக் கிள்ளானிலிருந்து புறப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. உங்கள் அம்மாவின் கட்டுப்பாட்டுக்கும் இதே வழிதான் ஒத்துவருகிறது. அந்தப் பளபளப்புக்கும், அசையாமல் நிற்பதற்கும் பெரும்பாலும் காரணம் ஜெலட்டின், அது மாட்டிலிருந்தும் எடுப்பது. அதைப் பற்றிப் பிறகு விரிவாக வருகிறேன்.

இப்போது விலை. ரொட்டி சானாய் ஓரிரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் ஊரில் ஒரு சின்ன கேக்குக்கு இருபத்தைந்து கேட்டால் யாருக்கும் நெஞ்சு அடிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் காசு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால், எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பெரிய பங்கு வெண்ணெய்க்குப் போகிறது. பிரெஞ்சு வெண்ணெயில் 82 விழுக்காடு கொழுப்பு இருக்கும். அடுக்கு மாவுக்கென்றே தகடாக வரும் வெண்ணெயில் 84 விழுக்காடு. தண்ணீர் குறைவாக இருப்பதால் உருட்டும்போது அது உடையாமல் வளைந்து கொடுக்கும். மாவை விரித்து, நடுவில் இந்தத் தகட்டை வைத்து மூடி, நீளமாக உருட்டி மூன்றாக மடிக்கிறோம். குளிரில் வைத்து ஆறவிட்டு, திருப்பி வைத்து மறுபடியும் உருட்டி மடிக்கிறோம். இப்படி மூன்று மடிப்பு போட்டால் உள்ளே 27 வெண்ணெய் அடுக்கு. குரோசானுக்கு அது போதும். மில்ஃபேக்கான பஃப் மாவுக்கு ஆறு மடிப்பு, கணக்குப்படி 729 அடுக்கு. அடுப்பில் போனதும் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் மேலே தள்ளும். பண்டம் உப்பி எழுவது அப்படித்தான்.

வேலையின் கஷ்டம் வெப்பத்தில் இருக்கிறது. வெண்ணெய் பதினைந்து டிகிரி வாக்கில் இருந்தால்தான் மாவோடு சேர்ந்து நீளும். அதைவிட ரொம்பக் குளிர்ந்தால் துண்டு துண்டாக உடையும். இருபதைத் தாண்டினால் மாவுக்குள் ஊறிவிடும், அப்புறம் அடுக்கு என்று ஒன்று இருக்காது, பன் மாதிரி வரும். வெளியே கோலாலம்பூர் 32, 33 டிகிரியில் கொதிக்கிறது. அதனால் அடுக்கு மாவு போடும் அறையைப் பதினெட்டு டிகிரிக்குக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாவு பிசைவது ஒரு நாள், மடிப்பது அடுத்த நாள், வடிவம் கொடுத்துப் பொங்க வைத்துச் சுடுவது அதற்கும் பிறகு. பொங்கும் நேரத்தில்கூட 27 டிகிரிக்கு மேல் விடக் கூடாது, வெண்ணெய் ஒழுகிவிடும். பாரிஸில் ஜன்னலைத் திறந்து வைத்தே சமாளிக்கும் வேலையை இங்கே மின்சாரக் கட்டணம் கட்டிச் செய்கிறோம்.

அடுக்கு மாவு நமக்குப் புதிது இல்லை. ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசி மெல்லிசாக்கி, நெய்யோ எண்ணெயோ படும்படி மடித்துச் சுருட்டுவதும் இதே அறிவுதான். மாவுக்கும் மாவுக்கும் நடுவில் கொழுப்பு நின்றால் அடுக்கு பிரியும். அங்கே கொழுப்பு இளகியிருக்க வேண்டும், கல்லில் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இங்கே கொழுப்பு கடைசிவரை கெட்டியாக இருக்க வேண்டும், கூடவே ஈஸ்ட்டும் வேலை செய்ய வேண்டும். பெரியம்மாவுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார்.

வெண்ணெய்க்கு அடுத்தது வனிலா. இது கொடியில் காய்க்கும் ஆர்க்கிட். பூ ஒரே ஒரு நாள்தான் விரிந்திருக்கும். அந்த நாளில் யாராவது கையால் மகரந்தம் சேர்த்தால்தான் தோட்டங்களில் காய் பிடிக்கும். அதைச் சுலபமாகச் செய்யும் முறையை 1841இல் ரியூனியன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மோன் அல்பியூஸ். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு, ஓர் அடிமைச் சிறுவன். நம் ஆட்கள் இங்கே தோட்டங்களுக்கு வந்ததுபோல், அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் போனார்கள். அது தெரிந்த பிறகு ஒவ்வொரு வனிலாக் காயையும் நான் கொஞ்சம் மரியாதையோடுதான் கீறுகிறேன். பறித்த காயைப் பதப்படுத்த மாதக்கணக்கில் ஆகும். இப்படிப்பட்ட காயைக் கீறிப் போட்ட கிரீமையும் எசன்ஸ் ஊற்றிய கிரீமையும் ஒரே விலைக்கு விற்க முடியாது.

மற்றபடி பாதாம், பிஸ்தா, நல்ல சாக்லெட், கடை வாடகை எல்லாம் உண்டு. இன்னொரு செலவும் இருக்கிறது, அது வெளியே தெரியாது: அன்றைக்கு விற்காமல் நின்றதைத் தூக்கிப் போட வேண்டும். நாணயமான கடை போடத்தான் செய்யும். அதையும் சேர்த்துத்தான் விலை.

ஆக, இருபத்தைந்து வெள்ளி நியாயமா என்றால், கையால் மடித்து அன்றைக்கே முடித்த பண்டத்துக்கு நியாயம். மூன்று நாளைக்கு முன்பு அச்சில் ஊற்றி உறைய வைத்து இன்று மேலே பளபளப்பு ஊற்றியதற்கு நான் கொடுக்க மாட்டேன்.

எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் ஒரு வெறும் குரோசான் வாங்குங்கள். சாக்லெட், சீஸ் எதுவும் வேண்டாம். அந்தக் கடையின் யோக்கியதை முழுவதும் அதில் தெரிந்துவிடும். நிறம் நல்ல அடர்ந்த பழுப்பாக இருக்க வேண்டும். நம் ஊரில் பல பேர் அதைக் கருகினது என்று நினைத்து வெளுத்ததாகப் பார்த்துக் கேட்கிறார்கள், கடைக்காரரும் அப்படியே சுட ஆரம்பித்துவிடுகிறார். வெளுத்த குரோசானின் நடுப்பகுதி பச்சை மாவாக இருக்கும். கையில் எடுத்தால் அதன் அளவுக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். திருப்பிப் பாருங்கள். அடிப்பாகம் உலர்ந்து பழுப்பாக இருந்தால் சரி, எண்ணெய் ஊறிப் பளபளத்தால் பொங்கும்போதே வெண்ணெய் ஒழுகியிருக்கிறது. கத்தி போடாமல் நடுவில் பிய்த்துப் பாருங்கள். உள்ளே பெரிய பெரிய அறைகளாக, மெல்லிய சுவர்களோடு, சுருள் தெரியும்படி பிரிய வேண்டும். வாசனை வெண்ணெயாக இருக்க வேண்டும், வனிலா எசன்ஸாக இருக்கக் கூடாது. தின்று முடித்த பிறகு மேலண்ணத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தால் அதில் மார்ஜரின் இருக்க வாய்ப்பு அதிகம். வெப்ப நாட்டில் வேலை சுலபமாகட்டும் என்று உருகுநிலை கூடிய மார்ஜரினைப் போடுகிறார்கள், அது வாயிலும் சீக்கிரம் கரையாது. பிரான்சில் ஒரு வழக்கம் உண்டு. வெண்ணெய் குரோசானை நேராக விடுவார்கள், மார்ஜரின் போட்டதைப் பிறை மாதிரி வளைப்பார்கள். ஆனால் அது அங்கத்திய வழக்கம், இங்கே அதை நம்ப முடியாது.

குரோசானின் பூர்வீகம் வியன்னா. 1830களின் கடைசியில் ஆகஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரியர் பாரிஸில் திறந்த ரொட்டிக் கடையிலிருந்துதான் அந்தப் பிறை வடிவம் அங்கே பரவியது. அடுக்கு மாவில் செய்வது பிரெஞ்சுக்காரர்கள் பிறகு கொண்டுவந்தது.

சரி, கேக் பக்கம் வருவோம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் கண்ணில் தேடுவது பாரிஸ்-பிரெஸ்ட். வளையமாகச் சுட்ட ஷூ மாவு (எக்லேருக்குப் போடும் அதே மாவு, சுட்டால் உள்ளே கூடாக உப்பும்), மேலே பாதாம் சீவல், நடுவே ஹேசல்நட்டையும் பாதாமையும் கேரமலில் வறுத்து அரைத்துச் சேர்த்த கிரீம். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகரம் வரை போய்த் திரும்பும் சைக்கிள் போட்டி 1891இல் தொடங்கியது. அந்தப் போட்டியின் நினைவாக, மெஸோன்-லஃபித்தில் கடை வைத்திருந்த லூயி தூரான் 1910இல் சைக்கிள் சக்கர வடிவத்தில் இதைச் செய்தார். இதன் கிரீம் கஸ்டர்டும் வெண்ணெயும் சேர்த்து அடித்தது. நிற்பதற்கு வெண்ணெயே போதும் என்பதால் வழக்கமான செய்முறையில் ஜெலட்டின் கிடையாது. வறுத்த பருப்பின் வாசனை நம் வயதானவர்களுக்கு உடனே பிடிக்கும். புளிப்புப் பழ கேக்குகளைவிட இது அம்மாவுக்கு நிச்சயம் நெருக்கமாக இருக்கும்.

அடுத்தது மில்ஃபே. பஃப் மாவை மேலே கனம் வைத்துத் தட்டையாகச் சுட்டு, சர்க்கரை தூவிக் கேரமலாக்கி, மூன்று தட்டுக்கு நடுவே கஸ்டர்ட் கிரீம் வைப்பது. இதைக் கேட்கும்போது “எப்போது அடுக்கினது?” என்று கேளுங்கள். கேட்ட பிறகு அடுக்கித் தருகிற கடையாக இருந்தால் சுவையைப் பற்றிக் கவலை வேண்டாம். காலையில் அடுக்கியது மதியத்துக்குள் கிரீமின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தோல் மாதிரி ஆகிவிடும். சாப்பிடும்போது மேலிருந்து கத்தியை அழுத்தினால் கிரீம் நாலாபக்கமும் பிதுங்கும், பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து, பல் வைத்த கத்தியால் அறுக்க வேண்டும். அடுக்குகள் நின்ற வாக்கில் இருப்பதால் சுத்தமாகத் துண்டு விழும். கடைக்காரரிடமே மூன்றாக அறுத்துத் தரச் சொன்னாலும் சரிதான்.

எக்லேர் நல்ல கடையில் நல்லதாகவே இருக்கும். மேலே பூசிய சர்க்கரைப் பூச்சு மங்கலாகி நீர் கோத்திருந்தால் முந்தைய நாளுடையது என்று அர்த்தம். ஓப்பெரா என்று ஒரு கேக் இருக்கும், காப்பி ஊறிய பாதாம் கேக், காப்பி பட்டர் கிரீம், சாக்லெட் என்று தட்டையாக அடுக்கியது. பாரிஸின் தாலோயோ கடையில் 1955இல் வந்ததாகச் சொல்வார்கள், வேறு கடையும் உரிமை கேட்டது. காப்பிப் பிரியர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. செயின்ட் ஹானரே (கேரமலில் தோய்த்த சின்ன கிரீம் உருண்டைகளை வளையமாக வைத்த கேக்) கிடைத்தால் பார்க்க அழகு. ஆனால் அதன் மேலிருக்கும் கேரமல் நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும், அங்கேயே அப்போதே தின்றால்தான் உண்டு.

இனிப்பு நாம் பழகிய அளவுக்கு இருக்காது. அம்மா “இனிப்பே இல்லையே” என்று சொல்லக்கூடும். அதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பால் சேர்க்காத கோப்பியோ சர்க்கரை போடாத தேநீரோ பக்கத்தில் வைத்துக்கொண்டால் பண்டத்தின் இனிப்பு தானாக மேலே வரும். தே தாரிக் குடித்த வாயோடு சாப்பிட்டால் ஒன்றும் தெரியாது. ரோஜா, லைச்சி, ராஸ்பெரி மூன்றும் சேர்ந்த கேக்கோ மக்காரோனோ (பாதாம் மாவில் சுட்ட இரண்டு சின்ன ஓடுகளுக்கு நடுவே கிரீம் வைத்தது) இருந்தால் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பியேர் எர்மே என்ற பாரிஸ் கலைஞர் இஸ்பஹான் என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கிய சேர்க்கை அது. ஆயர் பண்டோங் குடித்து வளர்ந்த நமக்கு ரோஜா வாசனை அந்நியம் இல்லை, லைச்சியும் தெரிந்த பழம்.

இப்போது ஜெலட்டின். இதைப் பொறுமையாகப் படியுங்கள், பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் இதுதான் முக்கியம்.

ஜெலட்டின் மிருகத்தின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பன்றி, மாடு, மீன் மூன்றிலிருந்தும் வருகிறது. ஜாக்கிமின் (மலேசிய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) ஹலால் சான்றிதழ் இருக்கும் கடையில் பன்றி ஜெலட்டின் இருக்காது. ஆனால் முறைப்படி அறுத்த மாட்டின் ஜெலட்டின் ஹலால்தான். ஆகவே ஹலால் முத்திரையைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்துவிடும் நம் ஆட்கள், தெரியாமலேயே மாட்டு ஜெலட்டின் சாப்பிட வாய்ப்பு இருக்கிறது. சான்றிதழ் இல்லாத கடையில் மூன்றில் எதுவும் இருக்கலாம். “ஹலாலா?” என்று கேட்டால் உங்கள் கேள்விக்குப் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: “ஜெலட்டின் நி டாரி அப்பா, லெம்பு கெ இக்கான்?” (இந்த ஜெலட்டின் எதிலிருந்து, மாடா மீனா?) முகப்பில் நிற்பவருக்குத் தெரியவில்லை என்றால் சமையலறையில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும், பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. ஒவ்வாமைக்காகத் தினமும் நாலு பேர் இப்படிக் கேட்பதுண்டு. கேட்பவர்களை நாங்கள் தொந்தரவாக நினைப்பதில்லை. தெரியாமல் பரிமாறிவிட்டுப் பிறகு அறிந்துகொள்வதுதான் எங்களுக்குச் சங்கடம்.

எதில் இருக்கும்? மூஸ் கேக்குகள் (கிரீமை நுரையாக அடித்து அச்சில் நிற்க வைத்தவை) அனேகமாக எல்லாவற்றிலும். கண்ணாடி போல மின்னும் மேல்பூச்சில் கட்டாயம் என்றே சொல்லலாம். மார்ஷ்மெல்லோ, பன்னகோட்டா, பழ ஜெல்லி வைத்த அடுக்கு, வேக வைக்காத சீஸ் கேக் இவற்றிலும் இருக்கும். சில கடைகளில் மில்ஃபேக்கும் செயின்ட் ஹானரேவுக்கும் போடும் கிரீம் நிற்பதற்காகக் கொஞ்சம் சேர்ப்பார்கள், அதனால் அந்த இரண்டுக்கும் கேட்டே ஆக வேண்டும். வழக்கமாக இல்லாதவை குரோசான் வகைகள், எக்லேர், பாரிஸ்-பிரெஸ்ட், ஓப்பெரா, பாதாம் டார்ட், மக்காரோன் ஓடு. பழ டார்ட்டின் மேல் தெரியும் மெல்லிய பளபளப்பு பெரும்பாலும் பெக்டின், அது பழத்திலிருந்து எடுப்பது. பழக்கூழைச் சதுரமாக வெட்டிச் சர்க்கரையில் புரட்டியிருக்கும் மிட்டாயும் பெக்டினில் கெட்டியாவதுதான். பெரியம்மாவுக்கு ஒரு சின்ன பெட்டி வாங்கிக் கொடுங்கள், தாராளமாகச் சாப்பிடலாம்.

சைவத்தைக் கண்டிப்பாகப் பார்ப்பவர் என்றால் இன்னொன்று: நல்ல சிவப்பு நிறப் பண்டங்களில் கார்மைன் என்ற சாயம் போடுவதுண்டு, பெட்டியில் இ120 என்று எழுதியிருக்கும். அது ஒரு பூச்சியிலிருந்து வருகிறது. எல்லோரும் போடுவதில்லை, கேட்டால் சொல்வார்கள். முட்டையே கூடாது என்பவர்களுக்குப் பிரெஞ்சு பேஸ்ட்ரி கடையில் இடம் ரொம்பக் குறைவு. குரோசான் மாவில் பல இடங்களில் முட்டை இருக்காது, ஆனால் மேலே தடவியிருப்பார்கள். மது வேண்டாம் என்றால் பாபா, கனெலே என்ற இரண்டு சின்ன கேக்குகளையும் தவிருங்கள். கனெலே மாவில் ரம் சேர்ப்பது வழக்கம். பாபாவைச் சுட்ட பிறகு ரம் பாகில் ஊற வைப்பதால் மது ஆவியாகிப் போக வழியே இல்லை.

“அங்கே பிரெஞ்சுக்காரர் யாரும் இல்லை, உள்ளூர்ப் பிள்ளைகள்தான் செய்கிறார்கள், அப்படியென்றால் அசல்தானா?” என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள், தங்கச்சி. இதற்கு மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2019 ஜனவரியில் பிரான்சின் லியோன் நகரில் நடந்த உலகப் பேஸ்ட்ரிக் கோப்பையை மலேசியா வென்றது. ஒட்டோ டே, லோய் மிங் ஐ, டான் வெய் லூன் மூவரும் ஜப்பானையும் இத்தாலியையும் பின்னால் தள்ளி முதலிடம் பிடித்தார்கள். 1989இல் கப்ரியேல் பையசோன் தொடங்கிய அந்தப் போட்டியில் சர்க்கரைச் சிற்பம், சாக்லெட் சிற்பம், பரிமாறும் இனிப்பு என்று பல மணி நேரம் விடாமல் வேலை வாங்குவார்கள். சன்வேயில் லெ கோர்டோன் ப்ளூ சமையல் கல்விக்கூடம் இருக்கிறது, நம் பிள்ளைகளும் படித்துவிட்டு வருகிறார்கள். 33 டிகிரியிலும் ஈரக்காற்றிலும் மாவை அடக்கக் கற்றுக்கொண்ட கைகள் அவை. எந்தக் கடையிலும் சமையல்காரரின் முகத்தைப் பார்க்காதீர்கள், குரோசானின் அடிப்பாகத்தைப் பாருங்கள்.

எப்போது போவது? தனிக் கட்டடத்தில் இருக்கும் கடைகள் காலையிலேயே திறந்துவிடும், பேரங்காடிக்குள் இருப்பவை பெரும்பாலும் பத்து மணிக்கு. திறந்த ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேருங்கள், வாரநாளாக இருந்தால் இன்னும் நல்லது. சனி, ஞாயிறு பிற்பகலில் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும், மின்னும் உருண்டைகள் மட்டும் வரிசையாக நிற்கும். காடியில் வந்தால் புக்கிட் பிந்தாங் நெரிசலிலும் பார்க்கிங்கிலும் பாதிப் பொழுது போய்விடும். கிள்ளானிலிருந்து கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்து, இணைப்புப் பாதையில் நடந்து முசியம் நெகாரா எம்ஆர்டி நிலையத்தில் ஏறினால் புக்கிட் பிந்தாங் மூன்றாவது நிறுத்தம். பசியாறிவிட்டுப் போகாதீர்கள். குரோசானே பசியாறலாக இருக்கட்டும்.

இந்தக் கடைகளில் ஏர்கான் கடுமையாக இருக்கும், இரண்டு பேருக்கும் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டங்களின் பெயரை உச்சரிக்கத் தெரிய வேண்டும் என்ற அவசியமே இல்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டி, “இது என்ன, உள்ளே என்ன இருக்கிறது?” என்று கேட்டு வாங்குங்கள். அம்மாவையும் கண்ணாடிக்கு முன்னால் கூட்டிப் போய் நிறுத்துங்கள், மேசையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய் வாங்கி வராதீர்கள். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தேர்ந்தெடுப்பதில்தான் பாதிச் சந்தோஷம் இருக்கிறது. அட்டையில் போட்டிருக்கும் விலைக்கு மேல் ஆறு விழுக்காடு சேவை வரியும், உட்கார்ந்து சாப்பிட்டால் பல கடைகளில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் வரும். நூறு வெள்ளிக்குச் சாப்பிட்டால் நூற்றுப் பதினாறு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பில்லைப் பார்த்து அம்மா முகம் சுளிக்காமல் இருக்க நீங்கள் எழுந்து போய்க் கட்டிவிடுவது நல்லது.

மூன்று பேருக்கு நான் வாங்குவது: இரண்டு வெறும் குரோசான், ஒரு பாரிஸ்-பிரெஸ்ட், கிரீமில் ஜெலட்டின் இல்லாமல், கேட்ட பிறகு அடுக்கித் தருவார்கள் என்றால் ஒரு மில்ஃபே, இல்லாவிட்டால் ஓர் எக்லேர். எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலில் குரோசான், பிறகு பாரிஸ்-பிரெஸ்ட். இதற்கு மேல் வாங்கினால் வெண்ணெய் திகட்டிவிடும், கடைசிப் பண்டத்தை யாரும் ரசிக்க மாட்டார்கள்.

பிறந்தநாள் கேக்காக முழுசாக ஒன்று வேண்டும் என்றால் இரண்டு மூன்று நாள் முன்னமே சொல்லி வைக்க வேண்டும். பாரிஸ்-பிரெஸ்டையே பெரிய வளையமாகச் செய்து தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள், பல கடைகள் செய்யும். சாக்லெட் தகட்டில் தமிழில் எழுதித் தரச் சொல்லலாம். காகிதக் கூம்பிலிருந்து சாக்லெட் மெல்லிய கோடாக வழிந்துகொண்டே இருக்கும், கையை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நம் எழுத்தின் வளைவுகள் அதற்கு ரொம்ப இசைவானவை, தமிழ் தெரியாத கைகூட அழகாக எழுதிவிடும். விட்டுப்போவது புள்ளிதான். மெய்யெழுத்தின் தலையில் இருப்பதை அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுவார்கள், “அம்மா” அமமா ஆகிவிடும். அதனால் பெரிய எழுத்தில், புள்ளி தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் அனுப்பி, “அந்தப் புள்ளி முக்கியம்” என்று சேர்த்து எழுதுங்கள். நாலைந்து எழுத்துக்கு மேல் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு வாங்கிப் போவதானால் பயணத்தைத் தாங்குவதை எடுங்கள். மக்காரோன் நல்ல தேர்வு. செய்த அன்றைவிட ஒரு நாள் குளிரில் இருந்த பிறகுதான் அதன் ஓடும் உள்ளிருப்பதும் ஒன்றோடொன்று சேர்ந்து பதம் வரும். ஐஸ்பெட்டியில் மூடி வைத்து, தின்பதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும், அதற்கு மேல் விட்டால் நம் ஈரக்காற்றில் ஓடு இளகிவிடும். மெட்லேன், ஃபினான்சியே, சப்ளே மாதிரி உலர்ந்த கேக்குகளும் பிஸ்கட்டுகளும் கொமுட்டரில் எத்தனை குலுங்கினாலும் ஒன்றும் ஆகாது. கிரீம் வைத்தது எதையும் பொட்டலம் கட்ட வேண்டாம்.

குரோசான் மிஞ்சினால் ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள், காய்ந்துபோய் ரப்பராகும். அன்றிரவுக்குள் தின்ன முடியாது என்றால் காற்றுப் புகாமல் சுற்றி உறைபெட்டியில் போடுங்கள். மறுநாள் காலை ஏர் ஃபிரையரில் 160 டிகிரியில் சில நிமிடம் வைத்து, வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டால் மேல் தோல் மறுபடி மொறுமொறுப்பாகும். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம். கடையில் பாதாம் குரோசான் பார்த்தால், அது முந்தைய நாள் குரோசானைப் பாகில் நனைத்துப் பாதாம் கிரீம் வைத்து மறுபடி சுடும் பழைய வழக்கத்திலிருந்து வந்தது. அது ஒன்றை மட்டும் மதியத்துக்கு மேலும் தைரியமாக வாங்கலாம்.